வெல்டிங் டார்ச் உதிரிபாகம்: வாங்கலாமா, கடையலாமா, டார்ச்சையே மாற்றிவிடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கராஜில் ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் ஒரு சின்ன லேத்தும் (கடைசல் மெஷின்) வைத்திருப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. டார்ச்சில் ஏதோ ஒரு சாமான் போய்விட்டது. ஒரிஜினல் வாங்குவதா, அதே அளவில் வரும் மலிவு செட்டை வாங்குவதா, நாமே கடைந்துகொள்வதா, டார்ச்சையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுப்பதா? பர்க்ளர் கார்டோ (ஜன்னல் பாதுகாப்புக் கம்பி) பிராய் ஸ்டாண்டோ (இறைச்சி சுடும் அடுப்பு) பாதியில் நிற்கும்போது, அதுவும் சனிக்கிழமை கடை மூடிய பிறகு, இந்தக் கேள்விக்கு நிதானமான பதில் வருவதில்லை. நல்ல நாளில் ஒருமுறை யோசித்து வைத்துக்கொள்வது மேல்.

மொத்த டார்ச்சுக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுப்பதுதான் முதல் தவறு. "நான் எதையும் கடையில் வாங்குவதில்லை" என்பவரும் "எல்லாம் ஒரிஜினல்தான்" என்பவரும் ஒரே அளவு காசையும் நேரத்தையும் வீணடிக்கிறார்கள். டார்ச்சில் இருக்கும் சாமான்கள் மூன்று வகை: கரண்டைக் கடத்துபவை, வாயுவைக் கசியாமல் அடைப்பவை, சும்மா பிடித்துக்கொண்டு நிற்பவை. மூன்றாவது வகையை லேத் இருப்பவர் தாராளமாகச் செய்துகொள்ளலாம். இரண்டாவதை வாங்கத்தான் வேண்டும். முதல் வகையில்தான் சாமானுக்குச் சாமான் பதில் மாறும்.

இங்கே பேசப்போவது இரண்டு டார்ச்சுகளைப் பற்றி: மிக் (வயர் தானே ஓடிவந்து உருகும் வெல்டிங்) வேலைக்கு எம்பி-15, டிக் (உருகாத டங்ஸ்டன் கம்பியில் பொறி எழுப்பும் வெல்டிங்) வேலைக்குக் காற்றால் குளிரும் 17-ஆம் எண் டார்ச். வேறு வகை வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து வெல்டிங் கடைக்குப் போய், உங்கள் டார்ச்சின் டிப்பும் (வயர் வெளிவரும் செம்பு முனை) கோலெட்டும் (டங்ஸ்டனைக் கவ்வும் பிடி) சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கவில்லை என்றால் உதிரிபாகத்தைத் தேடி அலைவதைவிட, அடுத்த முறை இந்த இரண்டில் ஒன்றுக்கு மாறிவிடுவதே மலிவு. இந்த அளவுகளில் எத்தனையோ கம்பெனிகள் சாமான் செய்கின்றன; டர்பனில் கிடைக்காதது ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் கிடைக்கும்.

கான்டாக்ட் டிப்: கடையாதீர்கள்

எம்பி-15-இன் டிப் எம்6 மரை, 25 மி.மீ. நீளம், 6 மி.மீ. விட்டம். பார்த்தால் லேத்தில் பத்து நிமிட வேலைபோலத் தோன்றும். 6 மி.மீ. செம்புக் கம்பி ஒரு மீட்டர் சுமார் 250 கிராம்தான் எடை. வெட்டுக்கு 3 மி.மீ. போனாலும் அதில் 35 டிப் வரும். கணக்கு இனிக்கிறது. துளை போடும்போதுதான் கசக்கும்.

0.8 மி.மீ. வயருக்கு டிப்பின் துளை 0.9-இலிருந்து 1 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். 1 மி.மீ. டிரில் பிட்டை 25 மி.மீ. ஆழத்துக்கு இறக்குவது என்றால் விட்டத்தைப் போல 25 மடங்கு ஆழம். சின்ன லேத் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடினாலும், அந்த விட்டத்தில் பிட்டின் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 8 மீட்டர்கூட வராது. செம்புக்கு அதைப்போல நாலு மடங்காவது வேண்டும். அதனால் பிட் வெட்டுவதைவிட அதிகமாகத் தள்ளுகிறது. செம்பு வேறு பிசுபிசுவென்று ஒட்டும். சுருள் வெளியே வராமல் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். 'டிக்' என்று ஒரு சத்தம், பிட் உள்ளேயே உடைந்து நிற்கும். கடையில் விற்கும் டிப் பெரும்பாலும் துளையோடேயே இழுத்து வந்த கம்பியில் செய்தது. அதன் உட்சுவர் வழவழப்பை டிரில் பிட்டால் கொண்டுவர முடியாது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் வயர் தட்டித் தட்டி வரும், ஆர்க், அதாவது மின்பொறி, திக்கும்.

ஆகவே வாங்குங்கள். எதை வாங்குவது? சாதாரணச் செம்பு டிப், குரோம்-சிர்கோனியம் கலந்த டிப் என்று இரண்டு உண்டு. கலப்புச் செம்பு கரண்டைக் கடத்துவதில் கொஞ்சம் குறைவு. சுத்தச் செம்பு 100 என்றால் இது 80 பக்கம். ஆனால் சூட்டைத் தாங்குவதில் பேச்சே இல்லை. சாதாரணச் செம்பு 200 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்தால், இது 500 டிகிரி வரை இறுக்கத்தை விடாது. நாள் முழுக்க 150 ஆம்பியரில் ஓட்டுபவருக்கு அது லாபம். வாரக் கடைசியில் 2 மி.மீ. சதுரக் குழாயை 80, 90 ஆம்பியரில் ஒட்டுபவருக்குச் சாதாரண டிப் போதும். மலிவு செட்டில் வருவதே போதும். வந்ததும் ஒரு நிமிடச் சோதனை: காந்தம் ஒட்டக் கூடாது, ஓரத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே மஞ்சள் தெரியக் கூடாது. மஞ்சள் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய பித்தளை.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் பெட்டியில் பயன்படாமல் கிடக்கும் 0.6 மி.மீ. டிப்பை எடுத்து 1 மி.மீ. பிட்டால் துளையைப் பெரிதாக்குங்கள். ஏற்கெனவே வழி இருப்பதால் பிட் அதையே பிடித்துக்கொண்டு போகும், விலகாது, உடையாது. அதுவும் இல்லையென்றால் பித்தளை எம்6 போல்ட். பின்பக்கத்திலிருந்து 2 மி.மீ. பிட்டால் ஆழமாகத் துளைத்து, முன்னால் 8 மி.மீ. மட்டும் 1 மி.மீ. துளை போடுங்கள். பித்தளை கரண்டைக் கடத்துவது செம்பில் கால் பங்குக்குச் சற்று மேல்தான். சீக்கிரம் சூடேறி வயர் டிப்போடு ஒட்டிக்கொள்ளும். பாதியில் நிற்கும் கேட்டை முடிக்க உதவும், அவ்வளவுதான்.

பழைய டிப் எப்போது செத்தது என்று தெரிந்துகொள்ள, துளையை எதிர்வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருந்தால் முடிந்தது. கேஸ் அடுப்பு பர்னர் குத்தும் ஊசி அரத்தால் டிப்பைக் குடைந்து சுத்தம் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது டிப்பைச் சுத்தம் செய்வதில்லை, தேய்க்கிறது.

கோலெட்: இதைக் கடையலாம், ஆனால் நீளத்தில் கவனம்

டிக் டார்ச்சில் டங்ஸ்டனைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்குக் கதை வேறு. 17-ஆம் எண் டார்ச்சில் 2.4 மி.மீ. டங்ஸ்டனுக்கு 10என்24 என்ற எண்ணில் கேட்டால் கிடைக்கும், 1.6-க்கு 10என்23. நீளம் இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. சொச்சம். மலிவு செட்டில் வரும் கோலெட்டில்தான் குறை அதிகம். செம்பு ரொம்ப மெத்து. டார்ச்சின் பின்மூடியை இறுக்க இறுக்க, பிளந்த மூக்கு ஜிலேபிபோல முறுக்கிக்கொள்ளும். பிறகு டங்ஸ்டன் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. ஒரிஜினலில் இந்தத் தொல்லை குறைவு. நல்ல செம்பில் நாமே செய்தாலும் குறைவுதான்.

செம்பு எங்கே வாங்குவது என்பதில் இந்த நாட்டில் ஒரு எச்சரிக்கை. கேபிள் திருட்டால் பழைய செம்பு விற்பதும் வாங்குவதும் கடுமையான கண்காணிப்பில் இருக்கிறது. 2009-இன் பழைய பொருள் வணிகச் சட்டத்தில் உறை எரிந்த கேபிளை வைத்திருந்தால் உரிய விளக்கம் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 30 முதல் பழைய உலோக ஏற்றுமதியையே தடுத்து வைத்தார்கள். ரசீதோடு கம்பி வாங்குங்கள். டெல்லூரியம் கலந்த செம்பு கிடைத்தால் விடாதீர்கள்: கரண்டைக் கடத்துவதில் 90-க்கு மேல், கடைவதிலோ பித்தளைக்கு அருகில் வரும். ஸ்பாட் வெல்டிங் மெஷினில் தேய்ந்து கழித்த எலக்ட்ரோடு முனைகள் பெரும்பாலும் குரோம்-சிர்கோனியம் செம்புதான். ஆனால் பெரிலியம் கலந்த வகையும் உண்டு, அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். என்ன கலவை என்று தெரியாத துண்டைக் கடையவோ அரைக்கவோ வேண்டாம்.

செய்முறை இப்படி. நல்ல நிலையில் இருக்கும் பழைய கோலெட் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மொத்த நீளம், வெளி விட்டம், மூக்கின் சரிவு மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். கம்பியைச் சக்கில் பிடித்து முகம் சீவி, சென்டர் டிரில் போட்டு, 2.5 மி.மீ. பிட்டால் 22 மி.மீ. ஆழத்துக்குத் துளையுங்கள். 3 மி.மீ.-க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துச் சுருளைத் துடைத்து, ஒரு சொட்டுப் பாராஃபின் (மண்ணெண்ணெய்) விடுங்கள். அதே பிடியில், சக்கிலிருந்து கழற்றாமல், வெளி விட்டத்தையும் மூக்குச் சரிவையும் கடைந்துவிடுங்கள். அப்போதுதான் துளையும் சரிவும் ஒரே மையத்தில் வரும். பிறகு வெட்டி எடுத்து, திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து 3 மி.மீ. பிட்டால் மீதி 30 மி.மீ.-ஐத் துளையுங்கள். பின்பாதி அகலமாக இருந்தால் ஒன்றும் நஷ்டமில்லை, டங்ஸ்டனைப் பிடிப்பது மூக்கு மட்டும்தான்.

அடுத்தது பிளவு. துளைக்குள் 2.4 மி.மீ. இரும்புக் கம்பி ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் ரம்பம் அழுத்தி மூக்கு நசுங்கும். ஒரு பக்கச் சுவரை வெட்டி, கோலெட்டைத் திருப்பி எதிர்ச் சுவரை வெட்டுங்கள். நகைத் தட்டார் ரம்பம், அரை மி.மீ. பிளேடு இதற்கு நல்லது. ஹாக்சா பிளேடு ஒரு மி.மீ.-க்குக் கிட்டத்தட்டத் தின்றுவிடும், பிடிமானம் போகும். பிளவின் நீளம் மாதிரியில் எவ்வளவோ அவ்வளவே. நீளமாக வெட்டினால் முறுக்கும், குட்டையாக வெட்டினால் மூடாது. உள்பக்கப் பிசிறை எமரித்தாள் சுற்றிய கம்பியால் எடுத்துவிடுங்கள்.

மூக்கு சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, சரிவில் மார்க்கர் பேனாவால் பூசி, கோலெட் பாடிக்குள் (கோலெட் உட்காரும் கூடு) விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். மை வட்டம் முழுக்கத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், அந்த ஒரு பக்கத்தின் வழியாகத்தான் 100 ஆம்பியரும் போகும். அங்கே சூடேறி, செம்பு இளகி, இரண்டே வாரத்தில் அது மலிவு செட் கோலெட் மாதிரி ஆகிவிடும்.

மற்றக் குறைகளை மன்னிக்கலாம், நீளக் குறையை மன்னிக்க முடியாது. கோலெட் 2 மி.மீ. குட்டையாகிவிட்டால் பின்மூடி டார்ச் தலையில் முட்டி நின்றுவிடும், டங்ஸ்டன் நழுவும். இது உடனே தெரியும், பரவாயில்லை. நீளமாகிவிட்டால்தான் ஆபத்து: மூடி இறுகியதுபோல இருக்கும், டங்ஸ்டனும் அசையாது, ஆனால் மூடியின் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் வளையம்) தலையில் போய் உட்கார்ந்திருக்காது. அந்த இடுக்கு வழியாக ஆர்கான் வாயுவும் கசியும், காற்றும் உள்ளே வரும். வெல்டிங் சாம்பல் பூத்து வரும், டங்ஸ்டன் நீலமும் கறுப்புமாக மாறும். ஆள் சிலிண்டரைக் குறை சொல்வார், ரெகுலேட்டரைக் குறை சொல்வார், கராஜ் கதவு வழியாக வரும் கடற்காற்றைக் குறை சொல்வார். புதிதாகக் கடைந்த கோலெட்டை மட்டும் குறை சொல்லமாட்டார்.

கோலெட் பாடியைக் கடையும் ஆசை அடுத்து வரும். வேண்டாம். இந்த டார்ச் அமெரிக்க வடிவம். தலைக்குள் இருப்பது அங்குல மரை. கையில் இருக்கும், மரை வெட்டும் மெட்ரிக் டை ஏறக்குறைய நுழையும், அந்த 'ஏறக்குறைய'தான் தலையின் மரையைக் கெடுக்கும். பாடி கெட்டால் பாடியோடு போகும், தலை கெட்டால் டார்ச்சே போகும்.

பின்மூடி, கப், கேஸ் லென்ஸ்

பின்மூடி உடைவது கீழே விழுந்துதான். மரை அளவை மாதிரியிலிருந்து எடுக்க முடிந்தால் இதைக் கடையலாம். எதில் என்பதுதான் கேள்வி. உள்ளே இருக்கும் கோலெட்டில் கரண்ட் ஓடுகிறது. ஹெச்எஃப் ஸ்டார்ட் (தொடாமலேயே உயர் அதிர்வெண் மின்சாரத்தால் ஆர்க் பற்றவைக்கும்) மெஷினாக இருந்தால் ஆயிரக்கணக்கான வோல்ட் துள்ளும். ஆகவே உலோகம் கூடவே கூடாது. 3டி பிரின்டரில் பிஎல்ஏ-வில் அடித்த மூடி 60 டிகிரியிலேயே குழைந்துவிடும், கோடைக்காலத்தில் காருக்குள் வைத்தாலே வளையும். அசிட்டால் கடைய சுகம், ஆனால் 170 டிகிரி பக்கம் உருகும். மிஞ்சிச் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணைக் கரிக்கும். பேக்கலைட் அல்லது துணி-ரெசின் தண்டுதான் சரி. தூள் பறக்கும், முகமூடி போடுங்கள். ஓ-ரிங்கை மட்டும் வாங்குங்கள், சிலிக்கோனில், பத்தாக.

ஆர்க்கைச் சுற்றி வாயுவை விடும் பீங்கான் கப்பைப் பற்றிப் பேச அதிகம் இல்லை: செய்ய முடியாது, வாங்குங்கள். எண்ணைப் பதினாறால் வகுத்தால் வாயின் அகலம் அங்குலத்தில் வரும். 6-ஆம் எண் கப் என்றால் 9.5 மி.மீ. மலிவுக் கப் 100 ஆம்பியருக்குக் கீழே தாராளமாக ஓடும், அதற்கு மேல் நீண்ட நேரம் போட்டால் விளிம்பு உதிரும்.

கேஸ் லென்ஸில், அதாவது சல்லடை வைத்த கோலெட் பாடியில், மட்டும் காசு செலவழியுங்கள். அதன் சல்லடை தட்டையாக, நெருக்கமாக இருந்தால்தான் ஆர்கான் கலங்காமல் இறங்கும். மலிவு செட்டில் சல்லடை தொய்ந்து வருவது சகஜம். சாதாரணப் பாடியிலிருந்து லென்ஸுக்கு மாறும்போது கப்புக்கும் தலைக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை வளையத்தையும் மாற்ற வேண்டும்: சாதாரணத்துக்கு 18சிஜி, லென்ஸுக்கு 54என்01. இந்த வளையத்தை மறந்துவிட்டு லென்ஸ் சரியில்லை என்று திட்டுபவர்கள் நிறைய.

கசிவு பார்க்க ஒரு சுலப வழி: ஆர்க் போடாமல் வாயுவைத் திறந்து, நிமிடத்துக்கு 8 லிட்டர் வைத்து, கப்பின் வாயைக் கட்டைவிரலால் அடையுங்கள். ஃப்ளோமீட்டர் குண்டு அடிக்கு இறங்கி நிற்க வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. பின்மூடியில் சோப்புத் தண்ணீர் தடவி ஆரம்பியுங்கள். இதற்கு முன் மெஷினை அணைத்துவிட வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

மிக் நாசிலும் லைனரும்

டிப்பைச் சுற்றி வாயுவை விடும் நாசிலைக் கடைவதில் லாபம் இல்லை, வெட்டுவதில் உண்டு. புதிதாகச் செய்யத் தடையாக இருப்பது உள்ளே இருக்கும் காப்பு வளையம். நாசிலில் கரண்ட் ஓடக் கூடாது. அதைப் பிரித்து வைப்பது அந்த வளையம்தான். ஆனால் விளிம்பு கருகிய பழைய நாசிலைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பக்கம் 5 மி.மீ. வெட்டிச் சீவினால் குறுகிய மூலைகளுக்குள் டிப் நீட்டிப் போக வசதி. எதிரெதிரே இரண்டு பள்ளம் வெட்டினால் தகட்டில் ஸ்பாட் வெல்டிங் வைக்கும் நாசில் ஆகிவிடும்; சுற்றுலா டிரெய்லர் மட்கார்டுக்கு இது போதும். வெட்டிய பிறகு மல்டிமீட்டரில் டிப்புக்கும் நாசிலுக்கும் நடுவே தொடர்ச்சி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பொறிகள் இரண்டையும் பாலம்போல இணைத்திருந்தால் நாசில் இரும்பைத் தொட்ட இடத்திலெல்லாம் ஆர்க் அடிக்கும்.

டார்ச் கேபிளுக்குள் வயர் ஓடும் குழாயான லைனர் வாங்க வேண்டிய சாமான். 0.6-இலிருந்து 0.9 மி.மீ. வயர் வரைக்கும் நீல நிறம், 1.0-உம் 1.2-உம் என்றால் சிவப்பு. டர்பனில் இது தேய்ந்து சாவதைவிடத் துருப்பிடித்துச் சாவதுதான் அதிகம். கடற்கரை ஈரம் வயர் சுருளில் ஏறி, சுருளிலிருந்து லைனருக்குள் செந்தூளாக இறங்குகிறது. ஒவ்வொரு 5 கிலோ சுருள் மாற்றும்போதும் டிப்பைக் கழற்றி, கழுத்துப் பக்கத்திலிருந்து கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பின்னால் தள்ளுங்கள். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் தூளைப் பிடித்துச் சேறாக்கும், வெல்டிங்கிலும் பொத்தல் விழும். புதிய லைனரை வெட்டும்போது டார்ச் கேபிள் தரையில் நேராகக் கிடக்க வேண்டும். சுருட்டி வைத்துக்கொண்டு அளந்தால் நீளம் பிசகும். டிப்பின் பின்பக்கம் இடைவெளி விழும், வயர் அங்கே மடங்கும்.

கேபிளும் தலையும்

கேபிள் வழக்கமாக உடைவது கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில், மடங்கி மடங்கி. அங்கே தொட்டால் சுடும். 10 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கிரிம்ப் அடித்தால் டார்ச் இன்னும் சில வருடம் ஓடும். புதுக் கேபிள் வாங்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் அளக்கலாம்: 16 சதுர மி.மீ. செம்பு, 4 மீட்டர் நீளம், 100 ஆம்பியர் ஓடும்போது இரு முனைக்கும் நடுவே 0.43 வோல்ட்தான் குறைய வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் இணைப்பு கெட்டது. முதலில் மெஷினில் செருகும் டின்ஸ் பிளக்கின் உள்ளே இருக்கும் திருகை இறுக்கிப் பாருங்கள். இந்த அளவை லிஃப்ட் ஸ்டார்ட்டில் (டங்ஸ்டனை இரும்பில் தொட்டுத் தூக்கி ஆர்க் எழுப்பும் முறை) மட்டும் எடுங்கள். ஹெச்எஃப் ஓடும்போது மீட்டரை வைத்தால் மீட்டர் போய்விடும்.

டிக் டார்ச்சின் தலையில் உறை வெடித்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், ஹெச்எஃப் கையில் பாயும். தலை தனியாகக் கிடைக்கும். அதை வாங்கி மாட்டுவது கால் மணி நேர வேலை. தலையும் போய் கேபிளும் சுடுகிறது என்றால் அதற்குமேல் சாமான் சாமானாக மாற்றுவதில் அர்த்தமில்லை, முழு டார்ச்சாக எடுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் கோயில் கொட்டகைக் குழாய்களோடு நிற்பவர் கையில் இரண்டாவது டார்ச் ஒன்று இருந்தாகவும் வேண்டும். பழையதைக் கொடுக்குமுன் பின்மூடி, கோலெட் பாடி, கப், டின்ஸ் பிளக் நான்கையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல கோலெட் ஒன்று மிச்சம் இருந்தால் அதைப் பயன்படுத்தாமல், அளவு எழுதிய சீட்டோடு தனியாக மாதிரிக்கு வையுங்கள்.